பத்துக்கு எத்தனை?

2016 பொங்கலுக்கு எங்கள் அப்பார்ட்மெண்டில் நான்கு குடும்பங்கள் கூடியிருந்தோம். சர்க்கரைப் பொங்கல் தீர்ந்து, பெரியவர்கள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்த நேரத்தில் பேச்சு வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கம் நாலு தமிழர் ஒன்றுசேர்ந்தால் முதலில் விசா, பிறகு வீட்டு விலை, அப்புறம் பள்ளி. உண்மையில் மூன்றும் ஒரே பேச்சுதான். “உங்க ஏரியா ஸ்கூல் எத்தனைங்க?” என்று ஒருவர் கேட்டார். “ஒன்பது” என்றார் என் கணவர், ஏதோ தானே பரீட்சை எழுதி வாங்கியது போல. எதில் ஒன்பது, யார் போட்ட ஒன்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எந்தப் பள்ளி என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஃப்ரீமாண்ட்டுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய ஃப்ரீமாண்ட்டைப் போலவே இருக்கும் ஒரு புறநகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குன்றை ஒட்டிய மேற்புறத்தில் தனி வீடுகள். ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் அப்பார்ட்மெண்ட்டுகள். நடுவில் ஒரு பெரிய சாலை, சாலை நெடுகக் கணக்கு டியூஷன் கடைகள்.

நாங்கள் 2011-ல் வந்து இறங்கியபோது வேறு எண் புழக்கத்தில் இருந்தது. ஏ.பி.ஐ. என்று பெயர். பிள்ளைகளின் தேர்வு முடிவை வைத்துப் பள்ளிக்குப் போடும் மதிப்பெண், 1999-ல் கலிஃபோர்னியா சட்டம் போட்டுக் கொண்டுவந்த குறியீடு. 200-ல் தொடங்கி 1000-ல் முடியும், 800 என்பது எல்லாப் பள்ளிக்கும் இலக்கு. வீடு காட்ட வந்த ஏஜெண்ட், சமையலறையைத் திறந்து காட்டுவதற்கு முன்பே இந்த எண்ணைச் சொல்லிவிட்டார். அதோடு இரண்டு தரவரிசைகளும் வெளிவந்தன என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஒன்று மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளோடும் ஒப்பிட்டது. இன்னொன்று, ஏறத்தாழ அதே வசதியும் அதே மொழிப் பின்னணியும் உள்ள பிள்ளைகள் படிக்கும் 100 பள்ளிகளோடு மட்டும் ஒப்பிட்டது. முதலாவதில் 10 வாங்கிய பள்ளி இரண்டாவதில் 3 வாங்கலாம். அதாவது, இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைவிட நன்றாகவே செய்திருக்கலாம் என்று அர்த்தம். எந்த ஏஜெண்ட்டும் இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லி நான் கேட்டதில்லை.

2013-க்குப் பிறகு ஏ.பி.ஐ. நின்றுபோனது. ஆனால் வீடு தேடுகிறவர்களுக்கு எண் இல்லாமல் முடியாதே. 1998-ல் தொடங்கிய கிரேட்ஸ்கூல்ஸ் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு பள்ளிகளுக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்புப் போட்டுவந்தது. ஸில்லோ மாதிரியான வீட்டுத் தளங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே அது வந்து உட்கார்ந்துகொண்டது. படுக்கையறை மூன்று, குளியலறை இரண்டு, பள்ளி ஒன்பது.

இங்கே அரசுப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வும் இல்லை, கட்டணமும் இல்லை. எந்த முகவரியில் இருக்கிறீர்களோ அந்த முகவரிக்கு எழுதிய பள்ளி. அதனால்தான் இரண்டு படுக்கையறை வீட்டைவிட, ஒன்பதாம் நம்பர் எல்லைக்குள் இருந்த ஒரு படுக்கையறை வீட்டுக்கு அதிக வாடகை கொடுத்துக் குடிவந்தோம். இதை திண்டுக்கல்லில் இருக்கும் அம்மாவிடம் சொன்னபோது, “அமெரிக்கா போயும் கவர்மெண்ட் ஸ்கூல்லயாம்மா போடுறீங்க?” என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். என்னை கவர்மெண்ட் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்று அப்பா வட்டிக்கு வாங்கி மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு ஃபீஸ் கட்டியவர். யோசித்துப் பார்த்தால் நாங்களும் அதையேதான் செய்திருக்கிறோம். ஃபீஸுக்குப் பதில் வாடகை, அவ்வளவுதான்.

பதிவுக்குப் போன அன்று கையில் ஒரு கோப்பு: வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை. எல்லாம் சரியாக இருந்தது, இடம்தான் இல்லை. எங்களை மாதிரியே கணக்குப் போட்டு வந்தவர்கள் எங்களுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். கிண்டர்கார்டன் முழுக்க நிரம்பிவிட்டதால் மகனை மூன்று கிலோமீட்டர் தள்ளி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு தொடக்கப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இதற்கு ‘ஓவர்லோட்’ என்று பெயர், லாரிக்குச் சொல்வது போல. காரில் ஏறியதும் கணவர் செய்த முதல் வேலை, அந்தப் பள்ளிக்கு எத்தனை என்று பார்த்தது. ஐந்து. அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

*

அதே பதிவுப் படிவத்தில் வீட்டு மொழி பற்றி நான்கு கேள்விகள் உண்டு. பிள்ளை முதலில் பேசக் கற்ற மொழி எது? வீட்டில் அதிகம் பேசுவது எது? நீங்கள் பிள்ளையோடு பேசுவது எது? பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவது எது? கேள்வி எளிது. நான் நான்கிலும் ‘தமிழ்’ என்று எழுதினேன்.

“ஏன் எழுதின? இங்கிலீஷ்னு போட்டுருக்கலாம்ல” என்றார் கணவர். அவருடைய அலுவலகத்தில் எல்லாரும் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். தமிழ், தெலுங்கு, மாண்டரின் என்று எழுதினால் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். தேறாவிட்டால் ‘ஆங்கிலம் கற்பவர்’ என்று முத்திரை விழும். அதனால் வீட்டில் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாத குடும்பங்கள்கூட ‘ஆங்கிலம்’ என்று நிரப்பிவிடுகின்றன. எனக்குத் தெரிந்து ஏழெட்டுப் பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

சொன்னபடியே ஆனது. மகனை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய்ப் படம் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். பையனுக்கு அப்போது ஐந்து வயது. ஆங்கிலக் கார்ட்டூன் முழுவதும் மனப்பாடம். ஆனால் தெரியாதவர்கள் முன்னால் வாயைத் திறக்கமாட்டான், அது என் மாமனார் வழி வந்த குணம். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான். ஆரம்ப நிலை என்று தாள் வந்தது. “படம் எல்லாம் தெரியும்மா, அந்த அக்கா ரொம்ப கிட்ட வந்து கேட்டாங்க” என்றான்.

கோபம் வந்தது. பிறகு இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று படித்தபோது கோபம் கொஞ்சம் தணிந்தது. விரிகுடாவுக்கு அந்தக் கரையில், சான் பிரான்சிஸ்கோவில், ஆங்கிலம் புரியாத சீனப் பிள்ளைகளை அப்படியே ஆங்கில வகுப்பில் உட்காரவைத்து விட்டிருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1974-ல் தீர்ப்பு வந்தது. எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகிவிடாது. மொழி புரியாத பிள்ளைக்கு அங்கே கல்வியே கிடைக்கவில்லை என்றது நீதிமன்றம். லாவ் எதிர் நிக்கல்ஸ் என்று அந்த வழக்கைச் சொல்வார்கள். ஏதோ ஒரு சீனத் தாய் அன்று போட்ட சண்டையின் வாலைத்தான் நாங்கள் படிவத்தில் ‘ஆங்கிலம்’ என்று எழுதி வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் தெரிந்தது. 2013 முதல் கலிஃபோர்னியாவில் பள்ளி மாவட்டங்களுக்கு, அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளுக்கு, பணம் பிரிக்கும் முறையே மாறிவிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடிப்படைத் தொகை. ஏழைப் பிள்ளை, ஆங்கிலம் கற்கும் பிள்ளை, வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை என்றால் அதன்மேல் 20 சதவீதம் கூடுதல். ஒரு பிள்ளை மூன்றிலும் வந்தாலும் ஒரு தடவைதான் எண்ணுவார்கள். இப்படிப்பட்டவர்கள் 55 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கு மேல் வருகிறவர்களுக்கு இன்னும் அதிகம். ஆக, என் மகன் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டதில் மாவட்டத்துக்கு 20 சதவீதம் லாபம். கணவரிடம் சொன்னேன், சிரிக்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் அவன் தேறி அந்தப் பட்டியலை விட்டு வெளியேறினான். நல்ல விஷயம்தான். ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தேறியவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், புதிதாக வந்தவர்கள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு வருடமும் ‘ஆங்கிலம் கற்போர் பின்தங்கியுள்ளனர்’ என்று அறிக்கை வரும். காய்ச்சல் குணமானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வார்டில் இருப்பவர்களுக்கெல்லாம் காய்ச்சல் என்று சொல்வதைப் போல.

*

ஐந்தாம் நம்பர் பள்ளியில் நான் தன்னார்வலராகச் சேர்ந்தேன். உண்மையில் உளவு பார்க்கத்தான் போனேன். அதற்கும் ஒரு தடை வந்தது. பள்ளிக்குள் உதவிக்கு வருபவர்களுக்குக் காசநோய் இல்லை என்று சான்று வேண்டும். நம் ஊரில் பிறந்தவுடன் கையில் பி.சி.ஜி. குத்தி வட்டத் தழும்பு போட்டுவிடுகிறார்களே, அது இருந்தால் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை வீங்கிக் காட்டிவிடலாம். எனக்குக் காட்டியது. எக்ஸ்ரே எடுத்து, சுத்தம் என்று தாள் வாங்கி உள்ளே போக மூன்று வாரம் ஆனது.

வகுப்பறையின் பின்பக்கம் அவரை விதை வடிவில் ஒரு மேசை. வளைவின் உள்பக்கம் பெரியவர் உட்காருவார், வெளிப்பக்கம் ஐந்து குட்டி நாற்காலி. சுவரோரம் கலர் கலராகப் பிளாஸ்டிக் கூடைகள். ஒவ்வொரு கலரும் ஒரு வாசிப்பு நிலை. செவ்வாயும் வியாழனும் அங்கே உட்கார்ந்து பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பது என் வேலை. முதல் வாரம் ஒரு ஆப்கான் பெண் குழந்தை வந்தாள். புத்தகத்தைக் கொடுத்ததும் பின்னட்டையைத் திறந்து அங்கிருந்து தொடங்கினாள். தவறு என்று திருத்தப் போனேன். டீச்சர் மெல்லத் தலையை ஆட்டினார். அவள் வீட்டுப் புத்தகங்கள் வலமிருந்துதான் திறக்கும். அவள் செய்தது தவறே இல்லை. புத்தகம் என்றால் என்ன, பக்கம் என்றால் என்ன, கதை எங்கே தொடங்கும் என்பதெல்லாம் தெரிந்த குழந்தை. டீச்சர் ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்து முன்னட்டையின் மூலையில் ஒட்டி, “உன் கதவு இது” என்றார். வருட இறுதியில் அவள் இரண்டு கூடை தாண்டியிருந்தாள்.

அந்த டீச்சர் இந்த வகுப்பில் இருபது வருடத்துக்கு மேல் இருப்பவர். ஒன்பதாம் நம்பர் பள்ளி டீச்சருக்கும் இவருக்கும் ஒரே சம்பள அட்டவணை, ஒரே பாடத்திட்டம், ஒரே கணக்குப் புத்தகம். அங்கே தாளில் வண்ணம் தெரியும், இங்கே நகலெடுத்த கறுப்பு வெள்ளை. பெரிதாகச் சொல்ல வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அந்த வண்ணத்தையும் பெற்றோர் நன்கொடை வாங்கிக் கொடுக்கிறது. வீட்டு விலை ஏறினால் அந்தப் பள்ளிக்குப் பணம் கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் அது அப்படி நேராக நடப்பதில்லை. 1978-ல் 13-ஆம் முன்மொழிவு என்று வாக்கெடுப்பு நடத்திச் சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குக் கட்டிப்போட்டார்கள். வீடு கைமாறும்வரை வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஒரே தெருவில் நாற்பது வருடமாக இருக்கும் பாட்டி கட்டும் வரியைப் போலப் பல மடங்கு, போன வருடம் வாங்கியவர் கட்டுகிறார். ஆனால் பெரும்பாலான மாவட்டங்களுக்கு மொத்தத்தில் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது மாநிலத்தின் சூத்திரம்தான்.

சரி, அப்படியானால் ஒன்பதும் ஐந்தும் எங்கிருந்து வருகின்றன?

*

பெரும்பகுதி, வசந்தகாலத்தில் நடக்கும் மாநிலத் தேர்விலிருந்து. தொடக்கப் பள்ளியில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் மட்டும் ஆங்கிலமும் கணக்கும் எழுதும். ஐந்தாம் வகுப்புக்கு அறிவியலும் உண்டு. கிண்டர்கார்டன், ஒன்று, இரண்டு எதிலும் சேராது. அந்த டீச்சர் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய வருடம் எந்த எண்ணிலும் இல்லை. தேர்வு கணினியில். சரியாகப் போட்டால் அடுத்த கேள்வி கடினமாகும், தப்பாகப் போட்டால் எளிதாகும். கடைசியில் நான்கு அடுக்கு, அப்போதைய பெயர்களில்: தரத்தைத் தாண்டியவர், எட்டியவர், நெருங்கியவர், எட்டாதவர். மேல் இரண்டு அடுக்கிலும் எத்தனை சதவீதம் என்பதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். 2024-ல் மாநிலம் முழுக்க ஆங்கிலத்தில் 47 சதவீதம், கணக்கில் 35.5 சதவீதம்.

அந்த வருட மாநில முடிவுகளைப் பிரித்துப் பார்த்தால் கணக்கில் ஆசியப் பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேர் தேறியிருந்தார்கள். லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கும் குறைவு. கறுப்பினப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இதை எங்கள் வாட்ஸப் குழுவில் யாராவது பகிர்ந்தால் உடனே “நம்ம பசங்க” என்று கைதட்டும் பொம்மைகள் வரிசைகட்டும். எனக்கு அந்தக் கைதட்டல் பிடிப்பதில்லை. இங்கே வந்திருக்கும் நாம் யார்? பெரும்பாலும் பட்டம் பெற்று, மேல்பட்டம் பெற்று, கம்பெனி விசா எடுத்து, இரண்டு மூன்று சல்லடையில் சலித்து அனுப்பப்பட்டவர்கள். திண்டுக்கல்லில் என்னோடு படித்த நாற்பத்தைந்து பேரில் இங்கே வந்தது நான் ஒருத்தி. என் மகனை வைத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் மூளையை அளப்பது, மாம்பழக் கூடையில் மேலே அடுக்கிய நாலு பழத்தைப் பார்த்துத் தோப்பை விலை பேசுவது மாதிரி.

ஒவ்வொரு வருடமும் நிரப்பும் படிவத்தில் பெற்றோரின் படிப்பு என்று ஒரு கேள்வி வரும். பள்ளிப் படிப்பை முடிக்காதவர், முடித்தவர், கொஞ்சம் கல்லூரி, பட்டம், மேல்பட்டம் என்று ஐந்து கட்டங்கள். நான் கடைசிக் கட்டத்தில் டிக் போடுவேன். மாநிலம் தேர்வு முடிவுகளை இந்தக் கட்டங்களின்படியும் வெளியிடுகிறது. படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகும். பள்ளி என் பிள்ளைக்கு எதையும் சொல்லிக்கொடுக்கும் முன்பே, அந்த டிக் பாதி மதிப்பெண்ணைப் போட்டுவிடுகிறது. மீதிப் பாதியில் ஒரு பங்கை பெரிய சாலையில் இருக்கும் குமான்களும் மற்ற டியூஷன் கடைகளும் போடுகின்றன. மாலை நாலரைக்கு அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அந்தப் பிள்ளைகள் கற்ற பின்னம் ஒன்பதாம் நம்பர் பள்ளியின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1966-லேயே ஜேம்ஸ் கோல்மன் குழு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து, பள்ளிக்குப் பள்ளி இருக்கும் வசதி வித்தியாசத்தைவிட வீட்டுப் பின்னணி தேர்ச்சியைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று அமெரிக்க அரசுக்கு அறிக்கை கொடுத்தது. எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய ஸ்டான்ஃபோர்டில் ஷான் ரியர்டன் என்ற பேராசிரியர், நாடு முழுவதும் மூன்று முதல் எட்டாம் வகுப்புவரை நடந்த தேர்வுகளைச் சேர்த்துவைத்து இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்த்தார். பிள்ளைகள் எந்த உயரத்தில் இருக்கிறார்கள் என்பது ஒன்று. வருடத்துக்கு வருடம் எவ்வளவு வளர்கிறார்கள் என்பது இன்னொன்று. உயரம், குடும்பத்தின் வசதியோடு ஒட்டிக்கொண்டே போகிறது. வளர்ச்சி அப்படிப் போவதில்லை. சராசரி மதிப்பெண் குறைவான சிகாகோவில் பிள்ளைகள் ஐந்து வருடத்தில் ஆறு வருடத்துக்கு உரிய வளர்ச்சியைக் காட்டியிருந்தார்கள். கிரேட்ஸ்கூல்ஸும் 2017 முதல் வளர்ச்சியையும் கணக்கில் சேர்க்கத் தொடங்கியது. ஆனாலும் பொங்கல் வீட்டில் யாரும் “உங்க ஸ்கூல் எவ்வளவு வளர்ந்துச்சு?” என்று கேட்பதில்லை.

*

2019-ல் மகளுக்குப் பதிவு. அதே நான்கு கேள்விகள். “இவளுக்காவது இங்கிலீஷ் போடு” என்றார் கணவர். போட்டேன். பொய் இல்லை, அதுதான் வருத்தம். அண்ணன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஆங்கிலம்தான் அவளுக்கு முதல் மொழி. அதற்குள் ஒன்பதாம் நம்பர் பள்ளியில் மகனுக்கு இடம் காலியானதாகக் கடிதம் வந்து, நாங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். கணவர் இரண்டு நாள் எக்செல் ஷீட் போட்டுப் பார்த்தார். மகன், “என் ஃப்ரெண்ட்ஸ்லாம் இங்கதான் இருக்காங்க” என்றான். எக்செல் தோற்றது.

பிறகு கொரோனா. 2020 வசந்தத்தில் தேர்வே நடக்கவில்லை, மகனின் மூன்றாம் வகுப்பு எண் இல்லாமலேயே கழிந்தது. அதைப் பற்றி எழுதினால் இது வேறு கட்டுரை ஆகிவிடும்.

2023 இலையுதிர் காலத்தில் நான் பள்ளிக் குழுவில் இருந்தேன். பிரின்சிபால், ஆசிரியர்கள், பெற்றோர் சேர்ந்து பள்ளியின் திட்டத்தையும் சிறப்பு நிதியையும் பார்க்கும் குழு. சட்டப்படி இருக்க வேண்டியது. நூலகத்தில் கூட்டம். எங்கள் முழங்கால் மேசையில் இடிக்கும் குட்டி நாற்காலிகள், ஒரு தட்டில் காஸ்ட்கோ பிஸ்கட், சுவரில் புரொஜெக்டர். பிரின்சிபால் முதலில் வருமானப் படிவம் பற்றிக் கெஞ்சினார். 2022 முதல் மாநிலத்தில் எல்லாப் பிள்ளைக்கும் பள்ளியில் இலவச உணவு. அதற்கு முன்னால் வறுமைக் கோட்டின் 185 சதவீதத்துக்குள் வருமானம் இருப்பவர்கள்தான் படிவம் கொடுத்துச் சலுகை வாங்கினார்கள். இப்போது சோறு எப்படியும் கிடைக்கிறது, படிவத்தை யார் நிரப்புவார்கள்? ஆனால் அந்தப் படிவத்தை வைத்துத்தான் எத்தனை ஏழைப் பிள்ளைகள் என்று எண்ணிப் பணம் வருகிறது. பசியைப் போக்கினால் ஏழை கணக்கில் காணாமல் போகிறார்.

அப்புறம் தேர்வு முடிவுகள். வரிசை வரிசையாக அட்டவணை. ஆசியர் என்று ஒரே வரி. அதில் சீனர், வியட்நாமியர், கொரியர், பஞ்சாபி, நாங்கள். பிலிப்பினோவுக்குக் கலிஃபோர்னியாவில் தனி வரி. வெள்ளையர் வரியில், மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் பொறியாளர் வீட்டுப் பிள்ளையும் இருந்தாள், என் ஆப்கான் தோழியின் மகளும் இருந்தாள். அவள்தான் அந்தப் பச்சை ஸ்டிக்கர் குழந்தையின் தங்கை. படிவம் நிரப்பும்போது எந்தக் கட்டம் என்று தெரியாமல் கேட்டதற்கு அலுவலகத்தில் அதைத்தான் காட்டினார்களாம்.

கறுப்பினத்தவர் வரியில் எண் இல்லை. ஒரு நட்சத்திரக் குறி மட்டும். தேர்வு எழுதியவர்கள் பத்து பேரோ அதற்கும் குறைவோ என்றால், எந்தப் பிள்ளை என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக எண்ணை மறைத்து நட்சத்திரம் போடுவார்கள். பள்ளிகளின் நிலையைக் காட்டும் மாநிலத்தின் டாஷ்போர்டு என்ற தளத்தில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறம் வாங்க ஒரு குழுவில் குறைந்தது 30 பேர் வேண்டும். நிறம் இருந்தால்தான் ‘இந்தக் குழு பின்தங்குகிறது, என்ன செய்யப் போகிறீர்கள்’ என்ற கேள்வி வரும். பிரின்சிபால் அந்த வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போனார். என் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, செவிலியர் சீருடையிலேயே வேலையிலிருந்து நேராக வந்தவர், கையைத் தூக்கினார்.

“அந்த நட்சத்திரம் என் பையன்” என்றார். “அவனுக்குக் கணக்கு வரவில்லை என்று இரண்டு வருடமாகச் சொல்கிறேன். பட்டியலில் இருக்கிறவர்களுக்குத்தான் திட்டம் என்றால், அவனை எந்த வரியில் வந்து தேடட்டும்?”

அறையில் பிஸ்கட் மெல்லும் சத்தம்கூட நின்றது. பிரின்சிபால் நல்லவர், மழுப்பவில்லை. கூட்டம் முடிந்ததும் அந்த அம்மாவோடு முக்கால் மணி நேரம் நின்று பேசினார். அடுத்த மாதம் மதியக் கணக்குக் குழு ஒன்று தொடங்கியது, அதில் வரி பார்த்துச் சேர்க்கவில்லை. என் மகளும் பின்னத்தில் தடுமாறிக்கொண்டிருந்தாள், அவளையும் சேர்த்தார்கள். ஆசியர் வரியில் பச்சை இருந்ததால் அவள் தடுமாறுவதும் யார் கண்ணிலும் படாமலேயே இருந்தது. இதை நான் ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது.

*

இதற்கிடையில் பள்ளியின் எண் ஏறத் தொடங்கியிருந்தது. ஐந்து ஆறானது, ஆறு ஏழானது. அதே டீச்சர்கள், அதே கறுப்பு வெள்ளை நகல்கள், கூரை ஒழுகும் அதே இடத்தில் அதே வாளி. பள்ளியைச் சுற்றியிருந்த அப்பார்ட்மெண்ட்டுகளைப் புதுப்பித்து வாடகையை ஏற்றிவிட்டார்கள். மேற்புறத்தில் வாங்க முடியாத எங்களை மாதிரி ஆட்கள் வந்து நிரம்பினோம். பிக்கப் வரிசையில் டொயோட்டாக்களுக்கு நடுவே டெஸ்லாக்கள் முளைத்தன. நாங்கள் வந்தோம், எண் ஏறியது. பள்ளி முன்னேறிவிட்டது என்று நகரப் பத்திரிகை பாராட்டியது. பிரின்சிபால் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அலுவலகத்தில் ஒட்டவில்லை என்பதை நான் கவனித்தேன்.

எண் மட்டும் ஒரு பள்ளியைக் காப்பாற்றிவிடும் என்றும் இல்லை. ஆப்பிள் தலைமையகம் இருக்கும் குப்பர்டினோவின் தொடக்கப் பள்ளிகள் விரிகுடா முழுவதும் பெற்றோரின் கனவு. வீட்டு விலை ஏறி ஏறி, சின்னப் பிள்ளை வைத்திருக்கும் வயதில் யாராலும் அங்கே வாங்க முடியாமல் போக, பிள்ளைகள் குறைந்து 2022-ல் சில பள்ளிகளை மூடினார்கள். எல்லையைக் காக்க மனிதர் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு ஃப்ரீமாண்ட்டிலேயே கதை உண்டு. 2000-த்தையொட்டி மிஷன் சான் ஹோசே பக்கத்தில் ஒரு பகுதிப் பிள்ளைகளை வேறு உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றப் போக, பெற்றோர் தனிப் பள்ளி மாவட்டமாகவே பிரிந்துபோக முயன்றார்கள். ஐந்து சிற்றூர்கள் 1956-ல் சேர்ந்து ஒன்றான ஊர் ஃப்ரீமாண்ட்.

போன வருடம் என் ஆப்கான் தோழி வீட்டைக் காலி செய்தார். எண் ஏழைத் தொட்ட அதே வருடம்தான் அவர்கள் வாடகையும் அவர்கள் கைக்கு எட்டாமல் போனது. ஆல்டமாண்ட் கணவாய்க்கு அந்தப் பக்கம் டிரேசியில் ஒரு வீடு பார்த்தார்கள். அவர் கணவர் இனி காலை நான்கரைக்குக் கிளம்பினால்தான் வேலைக்குப் போய்ச் சேர முடியும். சாமான் ஏற்றிய அன்று நான் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன். அவர் எனக்கு ஒரு டப்பா ஏலக்காய் தந்தார்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தேன். வீடு, தண்ணீர், வெயில் எல்லாம் பேசிவிட்டு, பள்ளி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “பக்கத்திலேயே இருக்கிறது, நடந்தே போகிறாள். இரண்டாவது நாளே ஒரு தோழி கிடைத்துவிட்டாள்” என்றார். பள்ளியின் பெயரையும் சொன்னார், அழகான பெயர், ஏதோ பறவையின் பெயர் மாதிரி.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போக எழுந்தேன். கை தன்னாலே அந்தத் தளத்தைத் திறந்து பெயரை அடித்தது.

நான்கு.